குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போது மருந்துப் பை கட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"மெடிக்கல் ஷாப் இல்லாத தெருவே கிடையாது, எதுக்கு இவ்வளவு மருந்தைத் தூக்கிட்டு வர்றே?" என்று வீட்டில் ஒருத்தராவது கேட்பார். பகல் நேரம், ஊருக்குள் இருக்கிறோம், கையில் டாக்டர் சீட்டும் இருக்கிறது என்றால் அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் நள்ளிரவு தாண்டி ரயில் விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் நடுவே எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறும்போது பின்சீட்டில் இரண்டு பேர் மாறி மாறி வாந்தி எடுத்தாலும் அதே கதைதான்.

இந்தப் பைக்கு ஒரே ஒரு வேலைதான். அடுத்த மருந்துக் கடையோ டாக்டரோ கைக்கு எட்டும்வரை உள்ள சில மணி நேரத்தைச் சமாளிக்க வேண்டும். இதை மனதில் வைத்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். ஆன்லைனில் நூறு பொருள் அடங்கிய முதலுதவிப் பெட்டி என்று விற்கிறார்களே, பெரும்பாலும் அதில் பத்து அளவில் பேண்டேஜ் இருக்கும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்காது. நாமே கட்டிக்கொள்வது மலிவு, உபயோகமும் அதிகம்.

1. மருந்து எடுப்பதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள்

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே உட்கார்ந்து எழுத வேண்டிய தாள் இது. யார் யார் வருகிறார்கள், அவரவருக்கு என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது. உதாரணத்துக்கு, தாத்தாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும், பாட்டிக்குத் தைராய்டும் முழங்கால் வலியும், இரண்டு வயதில் ஒரு பிள்ளை, ஏழு வயதில் ஒன்று, அப்புறம் வண்டி ஓட்டும் அப்பா, எல்லோரையும் கவனிக்கும் அம்மா என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இந்த ஆறு பேருக்கும் ஒரே பட்டியல் சரிவராது. பிள்ளைகளின் எடையைக் கட்டாயம் எழுதுங்கள், போன வருஷம் பார்த்த எடையை அல்ல, இப்போது எடை பார்த்து. மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்துத்தான், பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, போகிற இடம். ராமேஸ்வரம் என்றால் கோயிலுக்குள் 22 தீர்த்தம் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கல் தரையில் நடக்க வேண்டியிருக்கும், ஆகவே வழுக்கல், சுளுக்கு, வெளியே வந்தால் வெயில். வால்பாறைக்கு ஆழியாறு பக்கமிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. மழைக்காலத்து வால்பாறையில் இதோடு ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியும் சேரும். திருப்பதி என்றால் மணிக்கணக்கில் வரிசை. ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, அதை யோசித்துத்தான் பை கட்ட வேண்டும்.

2. தினமும் போடுகிற மருந்துதான் முதலில் பைக்குள் போக வேண்டும்

முதலுதவி என்றாலே பேண்டேஜும் பஞ்சும்தான் நினைவுக்கு வரும். குடும்பப் பயணத்தில் உண்மையில் சிக்கல் வருவது தாத்தாவின் பிரஷர் மாத்திரை வீட்டு டிவி ஸ்டாண்டிலேயே தங்கிவிடுவதால்தான். நாலு நாள் பயணம் என்றால் ஏழு நாளுக்கு எடுங்கள். ரயில் தாமதம், மழை, இன்னொரு சொந்தக்காரர் வீடு என்று நாள் நீளத்தான் செய்யும். மொத்தத்தையும் ஒரே பையில் வைக்காமல் இரண்டு நாள் மருந்தைத் தனியாகப் பிரித்து அம்மாவின் கைப்பையில் போட்டுவிடுங்கள், பெட்டி தொலைந்தாலும் அன்றைக்கு மாத்திரை உண்டு.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். வேளை பிரித்துப் போடும் டப்பா வசதிதான், ஆனால் கூடவே முழு அட்டை ஒன்று இருக்கட்டும். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் கடைக்காரரிடமே போய்விடும், நம் கையில் வெறும் வெள்ளி அட்டைதான் மிஞ்சும். அதைக் காட்டி வெளியூர் டாக்டரிடம் "இதுதான் சார் போடறார்" என்றால் அவர் என்ன செய்வார்? பிராண்டுப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிராண்டு ஊருக்கு ஊர் மாறும், அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து எங்கே போனாலும் அம்லோடிபின்தான்.

சர்க்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் பேனாவோ குப்பியோ திறந்து பயன்பாட்டில் இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்தில், அதாவது 25 முதல் 30 டிகிரிக்குள், தாங்கும். திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர் அறை வெப்பமே 35ஐத் தொடும் என்பதால் கூலிங் பவுச் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, தண்ணீரில் நனைத்தாலே குளிர்ச்சி தரும் வகையும் கிடைக்கிறது. ஐஸ் கட்டிமேல் நேராக மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் உதவாது. லாட்ஜ் அறையின் குட்டி ஃபிரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைத்தாலும் இதே ஆபத்து உண்டு. குத்திய ஊசிகளைப் போட கனமான மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வேண்டும், லாட்ஜ் குப்பைக்கூடையில் வீசினால் சுத்தம் செய்பவர் கையில் ஏறும்.

பயணத்தில் சர்க்கரை ஏறுவதைவிடத் தாழ்வதுதான் அவசர ஆபத்து. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, சாமி பார்த்த பிறகுதான் சாப்பாடு என்று தரிசன வரிசையில் நிற்கிறார் தாத்தா, வரிசை நகரவே இல்லை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு என்று ஆரம்பித்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70க்குக் கீழே என்றால் உடனே 15 கிராம் அளவு சர்க்கரை கொடுக்க வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கியோ குளுக்கோஸ் பவுடராகவோ கொடுக்கலாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை ரத்தத்தில் ஏறவிடாமல் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108தான். இந்தக் குளுக்கோஸ் பொட்டலம் பெரிய பைக்குள் அல்ல, தாத்தாவின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிரஷருக்காக நீர் பிரிய மாத்திரை போடும் பெரியவர்கள் பஸ்ஸில் போகும் நாளில் வழியில் இறங்க வெட்கப்பட்டு அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுவார்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள். நேரத்தை மாற்றிப் போடலாமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வீசிங் உள்ளவருக்கு இன்ஹேலரும், குழந்தை என்றால் அதில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயும். நன்றாக இருக்கிறானே என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், மலைக் குளிரும் லாட்ஜ் கம்பளித் தூசியும் எழுப்பிவிட்டுவிடும்.

3. காய்ச்சல், வலி: பாராசிட்டமாலை அளந்து கொடுங்கள்

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, பாராசிட்டமால் மட்டும், இந்தப் பகுதிக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் இந்த ஒரு மருந்தில்தான் வீடுகளில் நிறையக் குழப்பம்.

குழந்தைக்கு ஒரு வேளை அளவு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். இதுவரை சுலபம். கடையில் கிடைக்கும் பாட்டில்களோ மூன்று வகை. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப், அப்புறம் கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ். டிராப்ஸ் என்றால் லேசானது என்று நினைப்போம், விஷயம் தலைகீழ், அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அந்த 12 கிலோ பிள்ளைக்கு முதல் வகையில் 5 மில்லி சரி, இரண்டாவதில் இரண்டரை மில்லி, டிராப்ஸில் ஒன்றே கால் மில்லி போதும். சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அது பெரியவர்களுக்கான மாத்திரை அளவு. அதனால் வீட்டில் வழக்கமாகக் கொடுக்கிற அதே பாட்டிலையே எடுத்துப்போங்கள், பாட்டிலின் மேல் டேப் ஒட்டி டாக்டர் சொன்ன அளவைப் பேனாவால் எழுதிவிடுங்கள், சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஓடுகிற ரயிலில் யாருக்கும் கணக்கு வராது.

ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நாலு மணி நேரம், நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தாண்டினால் வீட்டு வைத்தியமே கூடாது, நேராக ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மாத்திரை. சளிக்கென்று விற்கும் கலவை மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம், அதில் இவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே கூடாது. நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது, வீட்டு மருந்து டப்பாவில் பழைய பாட்டில் ஏதாவது கிடந்தால் இந்தச் சாக்கில் தூக்கிப் போடுங்கள்.

4. வயிறு: ஓ.ஆர்.எஸ். எத்தனை எடுத்தாலும் தகும்

பையில் எடை குறைவு, விலை குறைவு, உயிர் காக்கும் சக்தி அதிகம் என்றால் இந்தப் பொட்டலம்தான். 1971ல் வங்கதேசப் போர் நேரத்தில் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்துதான் சாவைப் பெருமளவு குறைத்தார். அதே சங்கதிதான் இன்று பொட்டலமாகக் கிடைக்கிறது.

வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெட்ரா பேக்கில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு சர்க்கரை பானங்கள் ரொம்ப நாளாக விற்றுக்கொண்டிருந்தன, அந்த ஃபார்முலாவில் இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் இருக்கும் பிள்ளைக்கு அதிகச் சர்க்கரை போக்கை இன்னும் கூட்டும்.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பயணத்துக்குச் சின்னதே வசதி. ஒரு பொட்டலம் முழுவதையும் அதற்குச் சொன்ன தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகப் போடுவது, ஜூஸிலோ சோடாவிலோ கலப்பது இரண்டுமே தப்பு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி ஆரம்பியுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது, இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எது இறங்குகிறதோ அது. பொட்டலமே கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, ஆகவே அளவில் அலட்சியம் வேண்டாம்.

போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை பெரியவர்களுக்கு நீண்ட பஸ் பயணத்தில் ஒரு தடவை கைகொடுக்கலாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடாது, பிள்ளைகளுக்கு எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பிள்ளை ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, கண் உள்ளே போயிருக்கிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் பையை மூடிவிட்டு டாக்டரைத் தேடுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசிலோ டைஜீனோ எடுத்துப்போங்கள், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குத் தேவைப்படும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர், மாடிப்படி ஏறும்போது "வாயு பிடிச்சிக்கிச்சு" என்று நெஞ்சைத் தடவினால், வியர்த்துக் கொட்டினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி இறங்கினால் அதை வாயு என்று நினைத்து ஜெலுசில் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். 108க்குப் போன் செய்து, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஆஸ்பிரின் அலர்ஜியோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வாட்ஸப்பில் வந்தது என்பதற்காகக் கொடுக்காதீர்கள், பிரஷரைச் சடாரென்று இறக்கிவிடும். அது டாக்டர் எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும்.

5. மலைப்பாதை வாந்தி

அவோமின் மாதிரியான மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டால் வெளியே வந்துவிடும். வளைவு ஆரம்பிப்பதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால், அதாவது அடிவாரத்து டீக்கடைக்கும் முன்னாலேயே, போட்டிருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கூடாது, மற்றப் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லும் அளவு. தூக்கம் வரும் மருந்து என்பதால் வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது. அலர்ஜிக்குப் போடும் செட்ரிசினும் அப்படித்தான், மூக்கு ஒழுகுகிறது என்று அப்பா காலையில் ஒன்று போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பதை நான் ஆபத்தான பழக்கம் என்றே சொல்வேன்.

மருந்தில்லா வழிகளும் வேலை செய்கின்றன. வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு கிளம்புவது, முன்சீட்டு, செல்போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் பார்க்கச் சொல்வது, ஜன்னலைத் திறப்பது. இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் எல்லா மலை ஊர் பஸ் ஸ்டாண்டிலும் கிடைக்கும், பிள்ளைகள் விரும்பிச் சப்புவார்கள். எலுமிச்சம்பழம் முகர்வது பலருக்குப் பிடித்தம். இதையெல்லாம் மீறியும் வரும், ஆகவே ஓட்டையில்லாத கவர் நாலைந்து, ஈரத் துண்டுத்தாள், மாற்றுச் சட்டை மூன்றையும் மேலாக வையுங்கள். டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்தால் பயனில்லை.

6. சளி, இருமல்: பாட்டிலை விட்டுவிட்டுப் போங்கள்

இருமல் சிரப் எடுத்துப் போகாதீர்கள், இது என் முடிவான கருத்து. 2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் பல பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணமான இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அதையொட்டி, இரண்டு வயதுக்குக் கீழே சளி இருமல் மருந்தே கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை சொன்னது. கலப்படம் இல்லாத சிரப்பும் சின்னப் பிள்ளைகளின் இருமலுக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மூக்கடைப்புக்குச் சலைன் சொட்டு மருந்து, ஒரு வயது தாண்டியிருந்தால் வெந்நீரில் கொஞ்சம் தேன், போதும்.

தைலங்கள் பற்றி. பாட்டியின் கோடாலித் தைலத்தை யாரும் பிடுங்கப்போவதில்லை, பெரியவர்கள் நெற்றியில் தடவிக்கொள்ளட்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு கற்பூரம் கலந்த எதையும் நெஞ்சிலோ மூக்கிலோ தடவ வேண்டாம். கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டில் பக்கம் கட்டுவதும் வேண்டாம், பிள்ளை வாயில் போட்டால் வலிப்பு வரும்.

7. காயம்

வாங்க வேண்டியவை இவ்வளவுதான்:

- பிளாஸ்டர் பத்துப் பதினைந்து, இரண்டு அளவில்
- தனித்தனி உறையில் வரும் காஸ் துண்டுகள், ரோல் பேண்டேஜ் இரண்டு, மைக்ரோபோர் டேப்
- 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் ஒன்று
- பீட்டாடின் களிம்பு சின்ன டியூப்
- முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கும் ட்வீசர், கையுறை இரண்டு ஜோடி, ஒரு சோப்புக் கட்டி

பஞ்சு ஏன் இல்லை என்றால், காயத்தில் நேராக வைத்தால் இழை ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது உயிர் போகும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவுவதுதான் பாதி வைத்தியம், டெட்டாலை நேராக ஊற்றிப் பிள்ளையை அலற விட வேண்டியதில்லை. ரத்தம் நிற்காவிட்டால் காஸை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். அண்ணாந்து படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்திதான் வரும்.

ரயிலில் சூடான டீ தொடையில் கொட்டுவது அடிக்கடி நடக்கும் விபத்து. துணியை விலக்கி, வாஷ்பேசினிலோ தண்ணீர் பாட்டிலாலோ 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் விடுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம்.

8. கடி

குரங்கு இருக்கும் மலைக் கோயில்களில் பிள்ளை கையில் வாழைப்பழப் பையைக் கொடுக்காதீர்கள். நாயோ குரங்கோ கடித்தாலும் நகத்தால் கீறினாலும் முதல் மருந்து சோப்பும் தண்ணீரும்தான். 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள், அன்றைக்கே பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கலாம் என்ற பேச்சே கூடாது. முதல் ஊசி போட்ட சீட்டைப் பத்திரப்படுத்தினால் மீதியை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

பாம்பு என்றால் பைக்கு வேலையே இல்லை. கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல், மோதிரம் கொலுசைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வைத்தியம். பாம்பை அடித்து எடுத்து வரப் போய் இன்னொருவர் கடிபடுவார்.

அட்டைப்பூச்சியை நகத்தால் வழித்து எடுத்துவிடலாம். அது விட்ட பிறகும் ரத்தம் நெடுநேரம் கசியும், ரத்தத்தை உறைய விடாத ஒன்றை அது செலுத்திவிட்டுத்தான் போகிறது, பயப்படாமல் காஸை வைத்து அழுத்துங்கள். கொசுவுக்குத் தடவும் களிம்பைப் பகலிலும் தடவுங்கள், டெங்கு கொசு கடிப்பது பகலில்தான். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் களிம்பு வேண்டாம், வலை போதும். குளவி கொட்டி முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அலர்ஜி மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்.

9. எடுத்துப் போகக் கூடாதவை

போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாத மருந்து என்று அர்த்தம். அஜித்ரோமைசினை அஞ்சறைப்பெட்டிச் சீரகம் போல எல்லாவற்றுக்கும் போடுகிற வீடுகள் நிறைய. அப்புறம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணம் கொடுத்த முழங்கால் வலி மாத்திரை. பாட்டி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர் என்றால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால், அது அவருக்கு விஷம். வலிக்கு மேலே தடவும் களிம்பு, கிரேப் பேண்டேஜ், பாராசிட்டமால் இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

10. கட்டும் முறை

ஜிப் போட்ட கண்ணாடிக் கவர்கள் மூன்று, அவற்றைப் போட ஒரு பை. ஒன்றில் பெரியவர்களின் தினசரி மருந்து, ஒன்றில் பிள்ளைகளுடையது, ஒன்றில் காயச் சாமான். கலந்து வைத்தால் இருட்டில் தேடும்போது தாத்தா மாத்திரை பிள்ளை கைக்கு வரும். சிரப் பாட்டிலைத் தனிக் கவரில் நிமிர்த்தி வையுங்கள், உடைந்தால் எறும்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். பை டிக்கியிலோ டேஷ்போர்டிலோ இருக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், மருந்துகளில் போட்டிருப்பதோ 25 அல்லது 30க்குக் கீழே. சாப்பிட இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

விமானம் என்றால் கத்தரிக்கோல் செக்-இன் பெட்டியில், இன்சுலினும் தினசரி மருந்தும் டாக்டர் சீட்டோடு கைப்பையில். சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் தூக்க மாத்திரை, டிரமடால், கோடீன் கலந்த மருந்து எதுவும் வைத்திருந்தால் அந்த நாட்டின் முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள். மருந்தோடு சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், குருமாப் பொடியில் கசகசா இருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அந்த ஊர்களில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

11. தாளும் போன் நம்பரும்

முதல் படியில் எழுதிய தாளைப் படமெடுத்து குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள், அச்சடித்த நகல் ஒன்று பைக்குள் இருக்கட்டும், மலையில் சிக்னல் போய்விடும், சார்ஜும் போய்விடும். ரத்தவகை, அலர்ஜி, கடைசியாகப் பார்த்த டாக்டர் சீட்டு, காப்பீட்டு அட்டை இவற்றோடு இந்த எண்களும்: ஆம்புலன்ஸ் 108, எந்த அவசரத்துக்கும் 112, ரயிலில் 139, தேசிய நெடுஞ்சாலையில் 1033, தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. ரயிலில் 139க்குச் சொன்னால் அடுத்து நிற்கும் பெரிய ஸ்டேஷனில் டாக்டரை வரச் சொல்வார்கள், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளி மாநிலத்தவருக்கும் சேர்த்துத்தான்.

கிளம்பும் முந்தின நாள் எல்லாக் காலாவதித் தேதியையும் பாருங்கள், தெர்மாமீட்டர் பேட்டரியையும் பாருங்கள். ஊர் திரும்பியதும் பையை அப்படியே அலமாரியில் ஏற்றிவிடாமல், திறந்த சிரப், சொட்டு மருந்து, நனைந்த காஸ் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, தீர்ந்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள், அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டை எடுத்துப் போனால் போதும்.